கட்டுப் போடும் அறையில் கேள்வி வேண்டாம்

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தீக்காயத்தோடு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். நெல்லுச்சோறு வடிக்கும்போது பானை கவிழ்ந்துவிட்டது, கஞ்சி கொட்டிவிட்டது. இதைச் சொன்னவர்கள் கரிசல்காட்டுப் பெண்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் கம்பும் சோளமும் பருத்தியும்தான் விளைந்தன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நெல்லுச்சோறு பொங்கினாலே பெரிய காரியம். அப்படிப்பட்ட வீடுகளில் சோறு வடிக்கிற பானை எங்கிருந்து வரும்? அதுவும் தீபாவளிக்கு முந்தின மாதங்களாகப் பார்த்து எப்படிக் கவிழும்?

வெந்நீர் பட்ட புண்ணும் வெடிமருந்து பட்ட புண்ணும் ஒன்றுபோல இருக்காது. மருந்து பட்ட இடத்தில் தோலுக்கு அடியில் கருப்புப் பொடி ஏறி நிற்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அதன்மேல் பேனா மையையும் ஊற்றிக்கொண்டு வருவார்கள், எரிச்சல் அடங்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நர்ஸாக இருந்த எனக்கு அது என்ன புண் என்று தெரியும். டாக்டருக்கும் தெரியும். நாங்கள் கேட்கமாட்டோம். கேட்டால் மறுநாள் அவள் வரமாட்டாள். வராவிட்டால் புண் அழுகும். அதனால் துணியை வேகவைத்துக் கட்டுப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். வெடிமருந்தை ஊருக்கு வெளியே, லைசென்ஸ் வாங்கிய ஷெட்டில்தான் அடைக்க வேண்டும். ஆனால் சீசன் வந்து ஆர்டர் குவிந்துவிட்டால் பட்டாசுக் கம்பெனியின் ஏஜெண்டுகள் காகிதக் குழாயோடு மருந்தையும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பெண்கள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்தார்கள். பற்றிக்கொண்டால், கஞ்சி என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அடுத்த லோடு வராது.

அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். மேல்படிப்புக்காக, பட்டாசு வேலை செய்யும் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி எழுத வந்தவள். எங்கள் நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு அறை கொடுத்தார்கள். அவளைத் திட்டப் போகிறேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் கெட்டவள் இல்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், தன் தட்டைத் தானே கழுவினாள், யாரையும் அதட்டிப் பேசியதில்லை. ஆனால் அவள் போய்வரக் காரும், ஷெட்டைப் பார்க்க அனுமதியும் கொடுத்தது ஒரு கம்பெனி முதலாளி. அவள் எழுதுவதை ஊருக்குக் கிளம்பும் முன் தனக்குக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவளுடைய புரொபசர் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ அந்தம்மா கூட இரு. ஜனங்க உன்னை நம்புவாங்க" என்றார்.

"நம்புறது என்னைய. அவுகள இல்ல" என்றேன். அவர் காதில் விழாத மாதிரி ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்தார்.

அவள் கட்டுப் போடும் அறைக்குள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். நான் ஒட்டியிருக்கும் பழைய துணியை நனைத்து நனைத்துப் பிரிப்பேன். அவள் அந்த நேரத்தில் கேட்பாள். வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, வீட்டுக்காரர் குடிப்பாரா. அநேகமாக எல்லாரும் பதில் சொன்னார்கள். அவளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

"எவ்வளவு மனசு திறந்து பேசறாங்க, சிஸ்டர்!"

இடது கை வெந்துபோன ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். இரண்டு விரல் ஒட்டிக்கொண்டுவிடும் போல இருந்தது. ஒருநாள் அவள் என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"நர்ஸம்மா, பதில் சொன்னாத்தான் கட்டுப் போடுவீகளா?"

என் கை நின்றுவிட்டது. "யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. அந்தம்மா கேக்காக, நீங்க கட்டுதீக. ரெண்டும் சேந்துதான நடக்கு. நேத்து நான் வாயத் தொறக்கல, நீங்க இறுக்கிக் கட்டிட்டீக."

"ரத்தம் கசிஞ்சது, அதுக்கு இறுக்குனேன், கூறுகெட்டவளே."

"எனக்கு அது எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அவளுக்கு வந்த கோபம் நியாயம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கட்டை முடித்தேன், கையைக் கழுவினேன், மெட்ராஸ் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவளை எழுப்பிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வேப்பமரத்தடியில் போட்டேன். அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சிஸ்டர், என்ன பண்றீங்க?"

"இனிமே இங்கன உக்காருங்க. கட்டுப் போடுற ரூமுக்குள்ள கேள்வி வேண்டாம்."

"நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லயே சொல்லிட்டுத்தான் கேக்கறேன், இஷ்டம் இருந்தா சொல்லுங்கன்னு."

"வெந்த கைய என்கிட்ட நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு இஷ்டம்னு தனியா ஒண்ணு இருக்குமா? நீங்க என்ன கேட்டாலும் ஆமாம்பா. கட்டுப் போட்டுட்டு வெளிய வரட்டும். அப்ப கேளுங்க. வந்தா வரா, வராட்டி போறா."

அவள் முகம் சுருங்கிப்போனது. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. நாற்காலியை அவளே இன்னும் கொஞ்சம் தள்ளி, கட்டுப் போடும் அறையின் ஜன்னலிலிருந்து தெரியாத இடத்தில் போட்டுக்கொண்டாள். அந்த ஒன்றுக்காக அவள்மேல் எனக்கு முதல் முறையாக மரியாதை வந்தது.

அதன்பிறகு ஒருத்தியும் அவளிடம் போகவில்லை. அந்தப் பெண் வெயிலில் சிவந்துபோய் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். போகிற பெண்கள் கேலி செய்வார்கள்.

"என்ன தாயி, வேப்பம்பழம் பொறுக்குதீகளா?"

"பழமே விழல. நீங்க வேணா ரெண்டு உலுக்கி விடுங்க" என்பாள் அவள்.

சிரிப்பார்கள். சிரித்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் அவளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகல, இம்புட்டு தூரம் தனியா அனுப்ப ஒங்க அய்யாவுக்கு எப்படி மனசு வந்துச்சு, இதெல்லாம் எழுதுனா ஒனக்கு என்ன கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு அவள் உண்மையைச் சொன்னாள். "எனக்குப் பட்டம் கிடைக்கும். அப்பறம் வேலை கிடைக்கும். உங்களுக்கு என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியல." அந்தப் பதிலை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் பேசியிருக்க வேண்டும். மறுநாள் இன்னும் நான்கு பேர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கை வெந்தவள் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனாள். தரையில் உட்கார்ந்தாள். மெட்ராஸ் பெண்ணும் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தாள். நான் வேகவைத்த துணியைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். பேசியதெல்லாம் கேட்டது.

"கட்டுப் போட்டாச்சு. இனி நீங்க கேக்கக்கேக்க நான் எந்திரிச்சுப் போயிரலாம்ல?"

"போகலாம்."

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டீகல்ல?"

"மாட்டோம்."

"அப்பக் கேளுங்க."

அவள் சொன்னாள். மழை நாள். வெளியே உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே மருந்து அடைத்தாள். அடுப்பிலிருந்து ஒரு பொறி. தட்டிலிருந்த மருந்தைக் கையாலேயே பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு எதிர்ப்பக்கமாக வழித்துத் தள்ளினாள், கை போயிற்று. ஏஜெண்டே தன் மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

"வண்டி ஓட்டிக்கிட்டே கேக்காரு, 'எப்படி வெந்துச்சு?'ன்னு. நான் கஞ்சின்னு சொல்லணும். பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி. எனக்கு வலியில 'மருந்து'ன்னு வந்திருச்சு. வண்டிய நிறுத்திட்டாரு. கஞ்சின்னு சரியாச் சொன்ன பெறகுதான் மாடு நடந்துச்சு."

நான் உலர்த்துவதை நிறுத்திவிட்டேன். என்னிடம் அவள் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மெட்ராஸ் பெண் கிளம்பும் நாள் நெருங்கியது. ஒரு மாலை குவார்ட்டர்ஸில் எனக்குத் தான் எழுதியதை வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வண்டி நின்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். ஆனால் முழுதும் கேட்டபிறகு சொன்னேன்:

"இதுக்கு அவ பேரையே போட்டிருக்கலாமே."

"பேர் இல்லையே, சிஸ்டர். ஊர் பேர்கூட இல்லை."

"ரெண்டு விரலு ஒட்டுன பொம்பள. கிணறு வெட்டப் போயி காலு போன வீட்டுக்காரரு. மழை நாளு. மாட்டு வண்டி. அப்படி ஒருத்திதான் இருக்கா. முதலாளி வாசிப்பாரு, ஏஜெண்டக் கூப்பிட்டுக் கேப்பாரு. வண்டி ஓட்டுனவருக்குத் தெரியாதா வண்டியில யாரு இருந்தான்னு?"

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். "வலது கைன்னு மாத்திடறேன். வீட்டுக்காரரை எடுத்துடறேன்."

"வண்டி?"

"வண்டியை எடுத்தா..." என்று நிறுத்தினாள். வண்டியை எடுத்தால் ஒன்றுமே இல்லை. வைத்தால் கை வெந்தவள் வீட்டுக்கு லோடு நின்றுவிடும், அந்த வருஷம் வெள்ளாமையும் பொய்த்திருந்தது, வேறு வேலை கிடையாது. எடுத்தால் எல்லாப் பெண்களும் கஞ்சி கொட்டித்தான் வெந்தார்கள் என்று மெட்ராஸிலும் எழுதி வைத்ததாகிவிடும்.

"நீங்க என்ன சொல்றீங்க, சிஸ்டர்?"

"நான் யாரு சொல்ல? நீங்க யாரு? அவகிட்டக் கேளுங்க."

"பயந்துபோய் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"வேண்டாம்னா வேண்டாந்தான். அது அவ கை."

மறுநாள் மத்தியானம் போனோம். ஆனைக்குட்டம் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் உள்ளே இருக்கிற ஊர். கம்பெனிக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போனோம். தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்து கம்பியில் காகிதம் சுற்றிப் பசை தடவிக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கை வெந்தவள் ஒற்றைக் கையால் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூட்டிப்போய்த் தனியாக வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தோம். அந்தத் தெருவில் தனியாக என்று ஒன்று கிடையாது. உட்காரும் முன்பே வாசல் நிறையப் பெண்கள்.

"இங்கனயே வாசிங்க. இவுகளுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றாள் அவள்.

மெட்ராஸ் பெண் வாசித்தாள். தன்னுடைய பேச்சு காகிதத்திலிருந்து திரும்பி வருவதை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"எங்க வீட்டுக்காரரு காலு எதுக்கு அதுல? அத எடுத்திருங்க."

"ஏட்டி, ஏற்கனவே ஒரு காலு போச்சு. மிச்சத்தையும் எடுக்கச் சொல்லுதியே!" என்றாள் ஒருத்தி. தெருவே சிரித்தது. உள்ளே படுத்திருந்த அவள் புருஷனும் சிரித்தது கேட்டது.

நான் முதலாளி வாசிக்கப்போவதைச் சொன்னேன். ஏஜெண்டுக்கு வண்டியை வைத்தே தெரிந்துவிடும் என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டி இருக்கட்டும். அதச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்" என்றாள் அவள்.

அடுத்த வீட்டில் இருந்தது அவளுடைய மதினி. புருஷனின் அக்கா. வாய்க்குப் பெயர்போனவள். கையிலிருந்த கம்பியை வீசி எறிந்துவிட்டு எழுந்தாள்.

"ஒனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவ. அவன் ஒனக்கு மட்டுமா லோடு நிறுத்துவான்? தெருவுக்கே நிறுத்துவான். எங்க புள்ளைக என்னத்தத் திங்கும்? ஓங் கையவா?"

நானும் மெட்ராஸ் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்தியிடம் கேட்டால் போதும் என்று வந்திருந்தோம். அவள் சரி என்றால் தெரு பட்டினி கிடக்க வேண்டும். தெருவிடம் யார் கேட்டது?

மெட்ராஸ் பெண் மெதுவாகச் சொன்னாள். "இது வேண்டாம். நான் கிழிச்சுடறேன்." சொன்னதோடு நிற்காமல் காகிதத்தை மடக்கிக் கிழிக்கப் போனாள். வெந்தவள் நல்ல கையால் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிச்சுட்டா? நான் பட்டது?"

மதினி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏளா, ஆபீசுல கட்டை பத்துனா என்ன செய்வோம்?"

அவர்கள் முன்பு வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். குச்சி அடுக்கும் மரச்சட்டம் கட்டை. இது எனக்குத் தெரியும். பற்றினால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. கேட்டேன்.

"உரசி ஒரு கட்டை பத்திக்கிரும். கணக்கப்பிள்ளை ஓடியாருவாரு, 'யாரு கட்டை?'ன்னு. சொன்னா அவள வெளிய அனுப்பிருவாரு. அதனால வரிசையில இருக்கிற அம்புட்டுப் பேரும், 'எங் கட்டை'ம்போம். வரிசையவே வீட்டுக்கு அனுப்புனா யாரு அடுக்குவா? திட்டிட்டுப் போயிருவாரு."

"அப்ப இதுக்கும்?" என்றாள் வெந்தவள்.

"இதுக்கும்தான். அந்த வண்டியில போகாதவ இந்தத் தெருவுல யாரு இருக்கா?" மதினி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். கருப்புப் பொடி ஏறிய தழும்பு. "எனக்கும் கஞ்சிதான், நர்ஸம்மா. நீங்கதான் கட்டுப் போட்டீக. மறந்துட்டீக."

மறந்துதான் போயிருந்தது. ஒருத்தி கழுத்தைக் காட்டினாள். இன்னொருத்தி முழங்கையைக் காட்டினாள்.

மெட்ராஸ் பெண் அப்போதும் தயங்கினாள். ஒருத்தி சொன்னதைப் பத்துப்பேர் சொன்னதாக எழுதினால் அது பொய் என்றாள். அதற்கு மதினி, "எழுதாதீக. நாங்க சொல்லுதோம், கேட்டு எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் பதில்.

மெட்ராஸ் பெண் ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்தாள். பெண்கள் வேலை முடித்து ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒருத்தியை வண்டியில் ஏற்றவே இல்லை, நடந்தே வந்திருக்கிறாள். ஒருத்திக்கு ஒப்பிப்பதற்கு வேறு பாடம், விளக்கு சாய்ந்ததாக. சிலர், என்னுடையதை எழுத வேண்டாம் என்றார்கள். அவற்றை அவள் எழுதவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கடைசியில் அவள் 'அவள்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'நாங்கள்' என்று வந்தது. அடையாளம் காட்டும் புருஷன்மார், விரல்கள், வீடுகள் எல்லாம் போயின. மருந்தும் அடுப்பும் ஒப்பித்த பாடமும் இருந்தன. முடித்ததைத் தெருவில் மறுபடி வாசித்தாள். மதினி ஏஜெண்டின் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று கேட்டாள். இல்லை. "வேண்டாம். அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்றாள்.

மெட்ராஸ் பெண் முதலாளியிடம் கொடுக்கும்போது, நீங்கள் வாசிக்கலாம், திருத்த முடியாது என்று சொல்லியிருக்கிறாள். அதோடு கார் நின்றுவிட்டது. இரும்புப் பெட்டியோடு பஸ் ஏறித்தான் விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏற்றிவிட நான் போனேன். புரொபசர் என்ன சொல்வார் என்று கேட்டேன். "கத்துவார். கத்தட்டும்" என்றாள். என்னோடு இருந்து அவளுக்கும் பேச்சு கெட்டுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் எதிர்பார்த்தது நடந்தது. வெந்தவளுக்குக் கட்டு மாற்ற அவள் வீட்டுக்கே போயிருந்தேன். ஏஜெண்ட் வந்தார். மெலிந்த ஆள், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெரு நடுவில் நின்று கத்தினார்.

"எவ சொன்னது? முதலாளிகிட்ட நான் ஏச்சு வாங்கிட்டு வாரேன். எவ சொன்னது?"

"நாந்தான்" என்றாள் மதினி, குழாய் உருட்டுவதை நிறுத்தாமல்.

"நாந்தான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

என் கையில் தன் கையை வைத்திருந்தவள் உள்ளேயிருந்து உரக்க, "நானும்தான்" என்றாள். தெருக்கடைசி வரைக்கும் அந்தச் சொல் போயிற்று.

"அம்புட்டுப் பேருக்கும் லோடு நிறுத்திருவேன்!"

"நிறுத்துங்கண்ணே. ஆர்டருக்கு யாரு உருட்டித் தருவா, எங்க மதினியா? அவுகளுக்குக் கையில மோதிரம் இருக்கு, பசை ஒட்டிக்கிரும்" என்றாள் மதினி. அவர் பெண்டாட்டியைச் சொல்கிறாள். ஒரு கிழவர்கூடச் சிரித்துவிட்டார். ஏஜெண்ட் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பாவமாகவும் இருந்தது.

"என்னதான் செய்யச் சொல்லுதீக?"

"மருந்த வீட்டுக்கு அனுப்பாதீக. ஷெட்டுலயே வச்சுக்கோங்க. அங்கன கூப்பிட்டா வந்து அடைக்கோம். இங்கன காகிதமும் பசையும் போதும்."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த நாட்களில் லோடும் வரவில்லை. நான் பயந்தேன். அவர்களும் பயந்தார்கள், ஒருவரும் போய்க் காலில் விழவில்லை.

இந்தக் கதையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அடுத்த ஊர்களில் வீட்டுக்குள்ளே மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வரும்வரை தீக்காயம் வந்துகொண்டுதான் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் யாரையாவது அறைய வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து அப்படி ஒரு காயம் பிறகு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி என்று யார் வந்தாலும் நாற்காலி வேப்பமரத்தடியில்தான் என்று டாக்டரே சொல்ல ஆரம்பித்தார்.

லோடு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். கட்டு மாற்றப் போயிருந்தேன். வண்டி தெருமுனையில் நின்றது. வண்டிக்காரன் மூட்டையை இறக்கப் போனான். வெந்தவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். ஒவ்வொரு சாக்காக வாயை அவிழ்க்கச் சொன்னாள். நல்ல கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள், வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சாக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"காகிதந்தான். எறக்குங்க."